கஞ்சி குடித்துவிட்டு டாக்டரிடம் போனவர்

அறுபதுகளின் கடைசியில், காஜா பெராங் ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னிருக்கையில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“குடல்ல ஒரு துண்ட வெட்டி எடுத்ததுலேர்ந்து ஓயாத பேதி, அண்ணே. பித்தநீர் உள்ள தங்காம எறங்குதோன்னு டாக்டருக்குச் சந்தேகம். வேலைக்கே போக முடியல லா.”

“போன மாசம் சோதிச்சாங்களே?”

“பஸ்ல மானம் போயிடுமேன்னு முந்தின நாளெல்லாம் வெறுங்கஞ்சிதான் குடிச்சேன். வயிறு சாதுவா இருந்துச்சு. ஒண்ணுமில்லன்னுட்டாரு.”

“அப்ப கஞ்சியத்தான்டா சோதிச்சிருக்காரு!”

“அதான், இந்த வாட்டி வழக்கமா திங்கிறதத் தின்னுட்டு வான்னுட்டாரு.”

“தின்னியா?”

“நாசி லெமாக் சோறு, ரெண்டு பொட்டலம். தேங்காப்பால் சொட்டச் சொட்ட. இப்பத்தான், பஸ் ஏறுறதுக்கு முன்ன.”

அவர் நிம்மதியாக வெளியே வேடிக்கை பார்த்தார். பதறிப்போய் மணியடித்து, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி வெயிலில் நடந்தவன் நான்தான்.