ஒன்பது பேர் கொண்ட குழு

எனக்கு அறுபத்தொன்பது வயது. பகலில் நான் வீட்டில் இருப்பது என் மனைவிக்குப் பிடிக்காது. நான் முதுகலை படிக்கப் போனதற்கு இதைத் தவிர வேறு காரணம் தேடாதீர்கள், தம்பி. ‘இணையக் குற்றமும் பயங்கரவாதமும்’ என்ற படிப்பில்தான் இடம் காலியாக இருந்தது. கட்டடக் கலையில் இருந்திருந்தால் இந்நேரம் எங்கேயோ ஒரு சுவர் கோணலாக நின்றிருக்கும், அதோடு போயிருக்கும்.

நீங்கள் என் பக்கத்து இருக்கைக்காரர். துறை செலவில் படிக்க வந்த இன்ஸ்பெக்டர். முதல் நாளே, “பெரியப்பா, மவுஸு கடிக்காது, தைரியமா பிடிங்க” என்றீர்கள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். இன்று என்னை விசாரிக்க உங்களையே உட்கார வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். வேகமாகச் சொன்னால் நிறுத்துங்கள். நீங்கள் எப்போதுமே மெதுவாகத்தான் எழுதுவீர்கள்.

நம் மேடத்துக்கு என் சின்ன மகள் வயது. ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கேட்கப் போனபோது சொன்னார்: “இருக்கிற ஆராய்ச்சி எல்லாம் நடந்து முடிஞ்சப்புறம் எழுதினது சார். ஒரு சாதாரண ஆளு எந்த நாள்ல, எந்த வார்த்தையில மாறுறார்னு கூடவே இருந்து பார்த்தவங்க யாருமே இல்ல.” அவர் அதைக் குறையாகச் சொன்னார். எனக்கு அது காலி இடமாகப் பட்டது.

நெறிமுறைக் குழு ஒரு படிவம் கொடுத்தது. ‘ஆய்வாளர் பார்க்கலாம், தலையிடக் கூடாது.’ மூன்று பிரதிகளில் கையெழுத்துப் போட்டேன். பிறகு இணையத்தில் ஒரு தீவிரவாதக் குழுவில் சேர்ந்தேன். அவர்களுடைய எழுத்துப் பிழைகளைத் திருத்தியதால் ஒரே வாரத்தில் நீக்கிவிட்டார்கள். அதனால் சொந்தமாக ஒன்று தொடங்கினேன். உறுப்பினர்கள் ஒன்பது பேர். ஒன்பதும் நான்.

இது எனக்குப் புதிதல்ல. நாற்பது வருடம் மின்வாரியத்தில் புகார்த் தொலைபேசியை எடுத்தவன். “மேலதிகாரிகிட்ட குடுய்யா” என்று கத்துகிறவர்களை ஒரு நிமிடம் காக்க வைத்துவிட்டு, குரலைக் கனமாக்கிக்கொண்டு நானே பேசுவேன். ஒரே நாற்காலியில் நான்கு பதவி வரை போயிருக்கிறேன். ஒரு ஆள் மட்டும் ஐந்தாவது அதிகாரியைக் கேட்டான். அவனுக்காக நானே போய்க் கம்பத்தில் ஏற வேண்டியதாயிற்று.

குழுவில் ஒரு தலைவர், அதிகம் பேசமாட்டார். புத்தகம் காட்டிப் பேசும் வாத்தியார். கோபக்காரர்கள் நாலு பேர். ஒரு கிண்டல்காரர். ஒரு சந்தேகப் பிராணி. அப்படி ஒருவர் இல்லாத கூட்டத்தை யாரும் நம்பமாட்டார்கள். கணவனை இழந்த ஒரு அம்மாள். அவரை எல்லோரும் ‘அக்கா’ என்றோம். யார் எந்த எழுத்தில் பிழை விடுவார் என்று நோட்டுப் போட்டு வைத்திருந்தேன். சந்தேகப் பிராணி கேட்ட ஒரு கேள்விக்குத் தலைவரால் இரண்டு நாள் பதில் சொல்ல முடியவில்லை. “யார்கூட முணுமுணுன்னு சண்டை?” என்றாள் மனைவி. “எங்க ஆளுங்கதான்” என்றேன்.

மதம், மொழி என்று வைத்தால் கூட்டம் சேர்ந்துவிடும். எனக்கு ஒரு ஆள் போதும். அதனால் சாதாரண மனிதனை மிதிக்கிற பெரிய கம்பெனிகளுக்கு எதிரான குழு என்று வைத்தேன். மூன்றாவது வாரம் பத்தாவதாக ஒருவர் வந்தார். “இங்க யாராச்சும் பேசுவீங்களா?” என்று கேட்டார். பத்து நிமிடத்தில் ஒன்பது பேரும் பேசினோம். எனக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது.

லிஃப்ட் மெக்கானிக். ஒரே கம்பெனியில் பதினெட்டு வருடம். ஒரு லிஃப்ட் சரியில்லை, நிறுத்துங்கள் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறார். நிறுத்தவில்லை. அதில் ஒருவருக்குக் கால் போனது. பழியை இவர் தலையில் கட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள். நல்ல மனிதர். அக்காவுக்கு என் முழங்கால் வலியைக் கொடுத்திருந்தேன். தினமும் காலையில் அதைப் பற்றி விசாரிப்பார். அவர் பிறந்த நாளுக்கு ஒன்பது பேர் வாழ்த்துச் சொன்னோம். வேறு யாரும் சொல்லவில்லையாம்.

எழுபத்தோராம் நாள் எழுதினார்: “அக்கா, நான் கிளம்புறேன். மக கூப்பிடுறா, அவ ஊர்ல ஒரு வேலை இருக்காம். இங்க பேசிப் பேசி மனசு கெட்டுப்போவுது.”

என் ஆய்வில் ஒரு ஆள் மாறுவதற்கு நான்கு கட்டங்கள். அவர் இரண்டரையில் நின்றார். நான் ஒரு தேநீர் குடித்தேன். பிறகு அக்கா எழுதினாள்: “போங்க தம்பி. எல்லாரும் போறவங்கதான். எங்க வீட்டுக்காரரும் அந்தக் கம்பெனி லிஃப்ட்லதான் போனாரு. நீங்க ஒருத்தராவது கேப்பீங்கன்னு நெனச்சேன்.” அதற்குப் பிறகு ஒன்பது பேரும் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. நான்காம் நாள் அவர் எழுதினார்: “மககிட்ட வரலேன்னு சொல்லிட்டேன் அக்கா.” ஆய்வேட்டில் இது ஏழாம் அட்டவணை.

தொண்ணூற்று நான்காம் நாள் இடமும் நேரமும் சொன்னார். கம்பெனியின் தலைமை அலுவலகம். புதன்கிழமை. தினமும் பதினோரு மணிக்கு முதலாளி ஏறுகிற, அவருக்கென்றே உள்ள லிஃப்ட்.

மறுநாள் வகுப்பில் உங்களைக் கேட்டேன், நினைவிருக்கிறதா? “ஒருத்தர் ஏதோ செய்யப்போறார்னு ஆய்வாளருக்குத் தெரிஞ்சா என்ன பண்ணணும்?”

“எனக்கு ஒரு போன் போடுங்க பெரியப்பா. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன். ஏன், பக்கத்து வீட்ல எவனாச்சும் மாட்டியிருக்கானா?”

“பரீட்சைக்குக் கேட்டேன்.”

“இதுக்கெல்லாம் ரெண்டு மார்க்குதான்” என்றீர்கள். அதனால் மேலே கேட்கவில்லை.

புதன்கிழமை பத்தரைக்கு அந்த வரவேற்பறையில் போய் உட்கார்ந்தேன். கூடவே இருந்து பார்த்தவர் யாரும் இல்லை என்று மேடம் சொன்னாரே, அதற்காக. அவர் என்னைப் பார்த்ததில்லை. நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனாலும் சாயம் போன பழைய சீருடையையும் கருவிப் பையையும் பார்த்ததும் தெரிந்துவிட்டது. லிஃப்டில் செய்ய வேண்டியதை விடிந்ததுமே வந்து செய்து முடித்துவிட்டதாகக் குழுவில் எழுதியிருந்தார். சுவரோரப் பெட்டியில் ஒரு விசை. அதைத் திருப்பினால் லிஃப்ட் நகராது. வேண்டுமானால் நிறுத்தலாம் என்பதற்காகவே அதன் அருகில், எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். போனை எடுத்துத் தட்டினார்.

என் சட்டைப்பை அதிர்ந்தது. “அக்கா, எல்லாம் தயார். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நிறுத்திட்டுப் போயிடறேன்.”

மணி பத்து நாற்பத்தொன்பது. அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு நிமிடம். நடுவில் என் பக்கம் திரும்பி, “மணி சரியா என்னங்க ஐயா?” என்று கேட்டார். சொன்னேன். அவருக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டேன்.

முதலாளி வந்தார். அவருடன் காரோட்டி. பின்னாலேயே ஒரு பெண் ஓடிவந்து, “பெரியவரே, இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க, கையெழுத்து வாங்கிட்டு வந்துடறேன்” என்று என் பக்கத்தில் வைத்துவிட்டு ஏறிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் மெக்கானிக் எழுந்தார். “அம்மா, அதுல ஏறாதீங்க” என்றார். கதவு மூடிவிட்டது. பெட்டிக்கு ஓடினார். பெட்டி பூட்டியிருந்தது. அவசரத்தில் சாவியை இரண்டு முறை தவறவிட்டார். இரண்டாவது முறை அது உருண்டு என் செருப்பருகே வந்தது. நான் காலை நகர்த்தி வழி விட்டேன்.

ஆறாம் மாடி வரை போய் விழுந்தது என்கிறார்கள்.

அந்தப் பெண்ணின் பையை நான் எங்கும் போட்டுவிட்டுப் போகவில்லை. உங்கள் காவலரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். மெக்கானிக் கடைசி நிமிடத்தில் மனம் மாறியது என் முடிவுரைக்கு ஒத்துவரவில்லை. ஆனாலும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். மேடம் நாற்பதாம் பக்கத்திலேயே உங்களுக்குப் போன் செய்துவிட்டார். மிச்சம் அறுபது பக்கத்தை யாரும் படிக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்த மெக்கானிக் இன்னும் ஒரு பெயரும் சொல்லவில்லை என்கிறீர்கள். “அக்காவை மட்டும் விட்டுடுங்க, உடம்பு முடியாதவங்க” என்று அழுகிறாராம். அவரிடம் சொல்லிவிடுங்கள், அக்கா இல்லை. அவள் கணவனும் இல்லை. ஒன்பது பேரைத் தேடி மூன்று ஊருக்கு ஆள் அனுப்பியிருக்கிறீர்களே, கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியும் என் விரலால் அடித்தது. இதற்கு எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம், தம்பி. இந்த வாக்குமூலத்தின் முதல் வரியில் ‘தலையிட்டவர்’ என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறீர்கள். குழுவின் உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். தலைவர் இருப்பார், அக்கா இருப்பாள். நான் அதில் சேரவே இல்லை.