ஓயாவில் கிடைத்த நீல இழைகள்

பெயர் கஸ்பர் டோரீன். வயது 24. கத்தோலிக்கர். தோட்டப் பாடசாலை ஆசிரியை. வசிப்பது லிந்துலை, தோட்ட ஆசிரியர் விடுதி. 1985 ஜூலையில் நானாகவே பொலிஸ் நிலையத்துக்கு வந்து தமிழில் சொல்வதாவது:

கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போகும் ஓயா என்ற சிற்றாற்றின் தண்ணீரை ஆராய்பவர்கள் என்னிடம் மெல்லிய வலையும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் தந்திருந்தார்கள். சனிக்கிழமைகளில் ஓயாவில் இறங்கி வலை பிடித்து, தண்ணீரில் வருவதைச் சேகரிப்பேன். முதல் நாளே என் பாவாடை நனைந்ததைக் கண்ட, தேயிலைக் கொழுந்து பறிக்கும் காளியாயி, "டீச்சரம்மா, இந்த ஈரத்தோட நின்னா காய்ச்சல் வந்துரும். பெறகு எங்க புள்ளைங்கள யாரு அடிக்கிறது?" என்று சொல்லி, உரம் வந்த வெற்றுப் பிளாஸ்டிக் சாக்கு ஒன்றை வெட்டி, பறிக்கும் பெண்கள் கட்டும் படங்கு போல என் இடுப்பில் கட்டிவிட்டார். மலையில் கிடக்கும் சாக்குகளை அவர்கள் அப்படி எடுப்பது வழக்கம்.

அதன் பின்னர் வலையில் நீலப் பிளாஸ்டிக் இழைகள் அகப்பட்டன. மேலே தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் காளியாயி நீல உரச் சாக்குக் கழுவுவதைக் கண்டிருந்தபடியால், அவை அங்கிருந்தே வருகின்றன என்று தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை முத்துலிங்கத்திடம் சொன்னேன். கழுவியது யார் என்று அவர் கேட்கவில்லை, காளியாயியின் பெயரை நானே சொன்னேன்.

அதன் பின்னர் தோட்டத்தார் காளியாயி குடியிருந்த, தொழிலாளர் வரிசை வீட்டு அறையான லயக் காம்பிராவைச் சோதித்து, பிள்ளைகள் படுத்திருந்த சாக்குகளை உருவி எடுத்து, சாக்குத் திருடியதாகவும் குடிதண்ணீரைக் கெடுத்ததாகவும் பொலிஸில் முறைப்பாடு செய்து, அவர் வேலையையும் நிறுத்தினார்கள்.

அதன் பின்னர் முந்தாநாள், லயங்களுக்கு மேலே யாரும் எதுவும் கழுவாத காட்டோரத்தில் வலை பிடித்தேன். அங்கும் அதே நீல இழைகள். வலையைத் தூக்கியபோது அது என் படங்கில் உரசியது. படங்கின் ஓரம் பிரிந்து நீல நூல் தொங்கியது. படங்கைக் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் பிடித்தேன். இழை ஒன்றும் இல்லை.

ஆகவே காளியாயி கழுவியதால் தண்ணீர் கெட்டது என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. சாக்கு எடுத்தது திருட்டு என்றால் அதில் ஒன்று என்னிடமும் இருந்தது. என் அறையை யாரும் சோதிக்கவில்லை. அந்தப் படங்கை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

இன்று நான் உள்ளே வரும்போது நிலைய விறாந்தையில் வாங்குப் பலகையில் காவலில் இருந்த காளியாயி, "என்னங்க டீச்சரம்மா, இந்த மழையிலயா வந்தீங்க? படங்கு கட்டலியா?" என்று கேட்டார். படங்கு இருந்த பையை நான் பின்னால் மறைத்தேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். சொன்னபடியே உள்ளது, உண்மை. ஒன்றைச் சேர்க்கக் கேட்டுக்கொண்டேன்: தன் பெயரைக் கொடுத்தது நான் என்று காளியாயிக்கு இன்னும் தெரியாது. இதை அவருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்து முடியும்வரை நான் அங்கே இருப்பேன்.

(ஒப்பம்) க. டோரீன்