இருகரைக்கு ஓர் ஆள் தேவை

சீட்டு விளையாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது செருப்பு வாங்குவதைப் போன்றதல்ல. கடித்தாலும் பொறுத்துக்கொண்டு போட்டுத்தான் ஆக வேண்டும். நீங்கள் லிஃப்ட்டைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள், தெரியும். அங்கேதான் வருகிறேன். ஆனால் சீட்டில் தொடங்கினால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்கு விளங்கும்.

வசதியாக உட்காருங்கள் சார். அந்த முக்காலி வேண்டாம், ஜன்னலோரம் இருக்கிற நாற்காலிதான் முதுகுக்கு நல்லது. என் அத்தை உட்கார்ந்த நாற்காலி. ஏழு மாடி ஏறி வரும்போது லிஃப்ட் குலுங்கவில்லையே? நல்லது. உங்கள் உடம்புக்குப் படியேற்றம் ஆகாது என்று நீங்கள் வாசலில் நின்ற விதத்திலேயே தெரிந்துகொண்டேன். தொழில் பழக்கம். ஆளைப் பார்த்தால் எடையைச் சொல்லிவிடுவேன்.

இந்தக் கட்டடத்து லிஃப்ட்டைப் பராமரிப்பது என் வேலை. குடியிருப்பதும் இங்கேயே. லிஃப்ட்காரனைப் போலத் தனியாள் வேறு தொழிலில் கிடையாது. பாதி நாள் இருட்டுக் கிணறு மாதிரியான குழிக்குள் கம்பிவடத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருப்பேன். மீதி நாள் ஆட்களோடு மேலும் கீழும் போய்ப் பார்ப்பேன். ஒருவரும் என் முகத்தைப் பார்த்ததில்லை. லிஃப்ட்டுக்குள் எல்லோரும் கதவுக்கு மேலே மாறும் எண்ணையே ஏதோ தேர்வு முடிவு வரப்போவது போலப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் மனைவி தொலைதூர ரயிலில் கார்டு. கொடி காட்டி வண்டியை அனுப்புகிறவள் கூடவே தானும் போய்விடுகிறாள். வந்தால் இரண்டு நாள் தூங்குவாள், அப்புறம் மறுபடியும் கொடி.

இப்படி இருக்கும்போதுதான் அத்தை, அதாவது என் மாமியார், தன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். பல்செட் செய்யும் கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைப் பார்ப்பார். என்னைப் பெண் பார்க்க வந்தவன் என்று அறிமுகப்படுத்தியபோதும், "கடவாய்ப் பல்லு ஒண்ணு ஆடுதே, கவனிக்கலையா?" என்றுதான் கேட்டார்.

வந்த அன்றே சொல்லிவிட்டார்: "முட்டி சரியானதும் கிளம்பிடுவேன் மாப்பிள்ளை. உங்களுக்குத் தொந்தரவா இருக்க மாட்டேன்."

தொந்தரவா? இந்த வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்பக்கமும் ஒரு தட்டு வைத்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவருக்குப் பொழுது போக வேண்டுமே என்றுதான் விளையாட்டுச் சீட்டு விற்கும் கடைக்குப் போனேன். அந்த எண்ணத்தில் எந்தக் கள்ளமும் இல்லை. கடைக்காரப் பெண் முதலில் எடுத்துக் காட்டியது ஆறு பேர் வரை ஆடக்கூடியது. "வீட்டுக்கு யார் வந்தாலும் சேத்துக்கலாம் சார்," என்றாள். உடனே கீழே வைத்துவிட்டேன். இரண்டாவது, இருவர் ஆட்டம்தான், ஆனால் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். மூன்றாவதில் எல்லாச் சீட்டுகளும் ஒரே பெட்டியில் இருந்தன. வாங்கியவுடன் சேர்ப்பது முடிந்துபோயிற்று. முடிந்துபோகிற எதன் மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

கடைசியில்தான் 'இருகரை'யைக் காட்டினாள். மேசைக்கு நடுவே ஆறு. ஆளுக்கொரு கரை. படகு, பாலம், சுழி, வெள்ளம் என்று சீட்டுகள். தன் கரையில் இருக்கிற ஆட்களை எதிர்க்கரை சேர்ப்பவர் வெற்றி. பிரிக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பாக்கெட்டுகளை வாங்கி, கிடைத்ததைச் சேர்த்து, நமக்கென்று ஒரு கட்டு அமைத்துக்கொள்ள வேண்டும். புதுப் பாக்கெட் வந்துகொண்டே இருக்கும்.

"ஒரு ஆட்டம் ரெண்டு மணி நேரம்கூட இழுக்கும் சார். ரெண்டு பேர் மட்டும்தான். மூணாவதா ஒருத்தர் வந்தா வேடிக்கைதான் பாக்கணும்," என்றாள் கடைக்காரப் பெண், ஏதோ குறையைச் சொல்வது போல.

"அதுதாம்மா வேணும்," என்றேன்.

நீங்கள் இருகரை ஆடியிருக்கிறீர்களா? இல்லையா? பரவாயில்லை, பிறகு பார்க்கலாம்.

அத்தை ஒரே வாரத்தில் என்னை மிஞ்சிவிட்டார். பல் அச்சு எடுத்த விரல்கள். சீட்டை வைத்தால் நூல் பிடித்தாற்போல இருக்கும். மரியாதையில் மட்டும் ஒரு குறை வைக்க மாட்டார். "யோசிச்சு வைங்க மாப்பிள்ளை. அவசரமே இல்ல. தோக்கத்தானே போறீங்க," என்பார். என் பாலத்தை உடைக்கும்போது, "தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உடைப்பார். வேலை முடிந்து நான் கைகழுவிக்கொண்டு வருவதற்குள் சீட்டைக் கலைத்து வைத்திருப்பார். புதுப் பாக்கெட் வாங்கி வந்தால் மோந்து பார்த்துவிட்டுத்தான் பிரிப்பார். ஒவ்வொரு பாக்கெட்டிலும் நாங்கள் தேடியது ஒரே ஒரு சீட்டைத்தான். படகோட்டி. எந்தச் சுழியிலும் கவிழாதவன். வாங்கிய எந்தப் பாக்கெட்டிலும் எங்களுக்கு அவன் அகப்படவே இல்லை.

ரயில் வேலை முடிந்து வந்த மனைவி ஒரு மணி நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "ஏங்க, நான் வந்ததாச்சும் உங்களுக்குத் தெரியுமா, இல்ல விசில் அடிக்கட்டுமா?" என்று கேட்டாள். அவ்வளவு மும்முரம்.

பிறகு முழங்கால் வைத்தியர் காரியத்தைக் கெடுத்தார். தினமும் வெளியே நடக்க வேண்டும் என்றார். நடந்தால் சீக்கிரமே சரியாகிவிடுமாம். சரியானால் கிளம்பிவிடுவார். இதை அந்த வைத்தியர் யோசிக்கவே இல்லை. முதல் நாள் அத்தை கீழே பூங்காவுக்குப் போய்விட்டு முகமெல்லாம் மலர்ந்து வந்தார். "இன்னிக்கு ஆட்டம் வேணாம் மாப்பிள்ளை, அலுப்பா இருக்கு," என்று படுத்துவிட்டார்.

மறுநாள் லிஃப்ட் வேலை செய்யவில்லை.

நான் பொய் சொல்லவில்லை. 'பழுது பார்க்கப்படுகிறது' என்ற பலகையைத்தான் மாட்டினேன். லிஃப்ட்டில் பார்ப்பதற்கு எப்போதும் ஏதாவது இருக்கும். அந்த வாரம் சில நாள், அடுத்த வாரம் இன்னும் சில நாள். முழங்கால் கட்டுப் போட்டவரை ஏழு மாடி இறங்கவா சொல்ல முடியும்? "என்ன செய்யறது, இயந்திரம்," என்பேன். "உங்க மேல என்ன தப்பு மாப்பிள்ளை, வாங்க உக்காருங்க," என்று சீட்டைக் கலைப்பார். முழங்கால் கொஞ்சம் இறுகிப்போனது என்று வைத்தியர் பிறகு சொன்னார். இறுகுவது என்பது பெரிய வார்த்தை. மடங்கச் சற்றுத் தயங்கியது, அவ்வளவுதான்.

மற்றவர்களைப் பற்றியும் கேட்பீர்கள். நான்காம் மாடி ஆஸ்துமாக்காரர் ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியது உண்மை. அதனால்தான் அவருக்கு இப்போது எல்லா மாடியிலும் சிநேகிதர்கள் இருக்கிறார்கள். ஐந்தாம் மாடிப் பெண்ணுக்குப் படிக்கட்டிலேயே பிரசவ வலி கண்டு, மூன்றாம் மாடித் திருப்பத்தில் குழந்தை பிறந்ததும் உண்மை. குழந்தை நன்றாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையைவிட அதற்கு ஒரு பல்லும் குறைவாக முளைக்கவில்லை, அத்தையே பார்த்துச் சொன்னார். கதவு திறக்கும்வரை காத்திருக்கத் தெரியாத காலம் இது. எனக்கு வருத்தம்தான்.

இவ்வளவும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் என் மனைவி வீட்டுச் சாவியை ரயிலில் தொலைத்தாள்.

பூட்டை மாற்ற, தெருமுனைக் கடைப் பூட்டுக்காரர் வந்தார். என் அத்தை வயதுதான் இருக்கும். அவருடைய மனைவி போய்ச் சேர்ந்து நாளாயிற்று. மூடிய இடம் என்றால் அவருக்கு மூச்சு முட்டுமாம், கடைக் கதவைக்கூட மழையில் சாத்த மாட்டார். அவர் ஏன் பூட்டு வேலைக்கு வந்தார் என்று உங்களுக்கும் புரியும். வேலை முடிந்து எழுந்தவர் மேசையைப் பார்த்தார்.

"இருகரையா? அந்தச் சுழிய இப்ப வைக்காதீங்கம்மா. ரெண்டு கை பொறுத்து வைங்க," என்றார்.

அத்தை பொறுத்து வைத்தார். நான் தோற்றேன். மூன்றாவதாக வந்தவர் வேடிக்கைதானே பார்க்க வேண்டும்? விதி அதுதானே? ஆனால் சண்டை எனக்கு வராது.

பிறகு சனிக்கிழமைகளில் அத்தை கீழே பூட்டுக்கடைக்குப் போக ஆரம்பித்தார். ஆகவே சனிக்கிழமைகளில் லிஃப்ட் பழுதாக ஆரம்பித்தது. பூட்டுக்காரர் படியேறி வந்தார். ஒரு சனிக்கிழமை வந்து, மூச்சு வாங்கி முடித்து, சட்டைப்பையிலிருந்து படகோட்டியை எடுத்து அத்தை முன்னால் வைத்தார். அவரிடம் இருந்த படகோட்டியே அந்த ஒன்றுதான்.

"இதுக்கு மாத்தா என்ன வேணும் உங்களுக்கு?" என்று அத்தை கேட்டார்.

"ஒண்ணும் வேணாம். உங்க கட்டுல இருந்தா அது நல்லா இருக்கும்."

மாற்றுக்கு ஒன்றும் கேட்காதவர்களிடம் நான் எப்போதும் ஜாக்கிரதையாக இருப்பேன்.

அன்று முதல் அத்தை என்னோடு ஆடும்போது படகோட்டியை இறக்கவே மாட்டார். கையில் வைத்துக்கொண்டே தோற்பார். என்னிடம் வேண்டுமென்றே தோற்றார் சார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு விஷயம் பேச வேண்டும், வருகிறேன் என்று பூட்டுக்காரர் போன் செய்தார். அத்தை காலையிலேயே தலைவாரி, கண்ணாடியைத் துடைத்து, மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார். "லிஃப்ட் இன்னிக்கு ஓடுமா மாப்பிள்ளை? பாவம், அவரால ஏற முடியாது," என்றார். நிச்சயம் ஓடும் என்றேன். ஓடியது.

நான் மொட்டைமாடி இயந்திர அறையில் இருந்தேன். பூட்டுக்காரர் பையோடு வாசலில் நுழைவதை மேலிருந்து எட்டிப் பார்த்தேன். லிஃப்ட் கீழே போனது, கதவு சாத்திக்கொண்டது, மேலே ஏறியது. ஐந்தாம் மாடியைத் தாண்டி ஆறாவதைத் தொடுவதற்குள் சுவிட்ச்சை இறக்கினேன். விளக்கும் விசிறியும் தனி இணைப்பு, அவற்றை நிறுத்தவில்லை. நான் கொடியவன் அல்ல. மூடிய இடம் அவருக்கு ஆகாது என்பது நினைவில் இருந்தது. நினைவில் இருந்ததால்தான் மாலைவரை என்று மனத்துக்குள் ஓர் எல்லை வைத்துக்கொண்டேன். மனிதர் ஒருமுறை பயந்துவிட்டால் பிறகு இந்தப் பக்கம் வர மாட்டார். யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

அவர் வரவில்லை போலிருக்கிறது, வாருங்கள் ஓர் ஆட்டம் போடலாம் என்று சொல்லச் சீட்டுக்கட்டோடு வீட்டுக்கு வந்தேன். நாற்காலி காலியாக இருந்தது. குளியலறை, சமையலறை, எங்குமே இல்லை. வாசலில் அத்தையின் செருப்பும் இல்லை. பூட்டுக்காரரை வரவேற்கக் கீழே போயிருக்கிறார். போனவர் அவரோடேயே மேலே ஏறியிருக்கிறார்.

ஆறாம் மாடிக்கு எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கதவில் காதை வைத்தேன். அழுகை கேட்கும் என்று நினைத்தேன். "பாலத்த எடுங்க, பாலத்த எடுங்க, வெள்ளம் வருது," என்று அத்தை சிரிப்பது கேட்டது.

கதவைத் திறந்தேன். லிஃப்ட் இடுப்பளவு கீழே நின்றிருந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து, நடுவில் பூட்டுக்காரரின் கருவிப் பையை மேசையாக்கி, ஆளுக்கொரு கட்டை வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். படகோட்டி ஆற்றில் இறங்கியிருந்தான்.

"கொஞ்சம் இருங்க மாப்பிள்ளை, இந்தக் கை முடியட்டும்," என்றார் அத்தை.

பூட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்து, "நின்ன அஞ்சு நிமிஷத்துலயே கொண்டிய நெம்பித் தெறந்துட்டேன் தம்பி. அப்புறம் நாந்தான் சாத்தி வெச்சேன். தெறக்க முடியும்னு தெரிஞ்சுட்டா எனக்கு மூச்சு முட்டாது," என்றார்.

அத்தை சீட்டுகளை அடுக்கினார். அடுக்கிக்கொண்டே சொன்னார்: "விளக்கு எரிஞ்சுது மாப்பிள்ளை. ஃபேன் ஓடிச்சு. கரண்ட் போனா அதெல்லாம் நிக்குமே." கொஞ்ச நேரம் என் பல்லைப் பார்ப்பது போலப் பார்த்தார். "போன பழுதெல்லாம்கூட இப்பிடித்தானா?"

நான் கைகொடுத்து ஏற்றிவிட்டேன். அதை மட்டும் அத்தை மறுக்கவில்லை.

இப்போது பூட்டுக்கடைக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் இருவரும் இருக்கிறார்கள். தரைத்தளம். பூங்காவில் அத்தை கைத்தடி இல்லாமல் நடப்பதை இந்த ஜன்னலிலிருந்து பார்க்கலாம். படகோட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதிக் கட்டை இங்கேயே வைத்துவிட்டுப் போனார். வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனதாக மனைவி சொல்கிறாள். திரும்பி வருகிறவர்கள்தான் வைத்துவிட்டுப் போவார்கள் என்பது என் கணிப்பு. புகார் கொடுத்தது அத்தை என்று நினைத்தீர்களா? அவர் வாயே திறக்கவில்லை. என் மனைவிதான். "ஓடுற வண்டிய காரணமில்லாம நிறுத்துனவன் கூட எப்படிங்க குடித்தனம் பண்றது?" என்று கேட்டுவிட்டு வண்டியேறிவிட்டாள். தொழில் பக்தி உள்ளவள்.

ஆமாம், நிறுத்தினேன். எல்லா முறையும் நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், அன்று நான் நிறுத்தியிருக்காவிட்டால் அந்த இருவரும் இவ்வளவு மனம்விட்டுப் பேசியிருப்பார்களா? எனக்கு மனிதர்கள் மேல் அக்கறை, அதுதான் என் குறை. இனி சுவிட்ச் பக்கமே போக மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். இயந்திர அறைச் சாவியையும் நீங்கள் உள்ளே வந்ததுமே ஒப்படைத்துவிட்டேன்.

இன்னொரு சாவி உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை.

எழுந்துவிட்டீர்களே. சற்று முன் நான் டீ போடப் போனதாக நீங்கள் நினைத்த நேரத்தில், லிஃப்ட் கொஞ்சம் மக்கர் செய்ய ஆரம்பித்திருக்கிறது. என்ன செய்வது, இயந்திரம். இந்த உடம்போடு ஏழு மாடி இறங்குவது நல்லதல்ல சார், உட்காருங்கள். சீட்டைக் கலைத்துவிட்டேன்.

உங்களுக்கு இடக்கரையா, வலக்கரையா?