கூடுதல் தாள்

எனக்குச் சிவப்பு மை ஆகாது. கண்ணை உறுத்தும். விடைத்தாள்களைப் பச்சையில்தான் திருத்துவேன்.

விசாரணை என்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், சொல்கிறேன். தையல்காரியின் மகளை வகுப்பில் நான் 'விடைக்காரி' என்றுதான் கூப்பிடுவேன். கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். முளைத்து மூன்று இலை விடவில்லை, அதற்குள் அவ்வளவு அவசரம். வழிமுறை இல்லாத விடையும் திருட்டு நகையும் ஒன்று. எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டாமா? தேர்வுக்குத் தேர்வு பாதி மதிப்பெண்ணை வெட்டினேன். அதை எந்த ஆசிரியரும் செய்வார்.

அவள் திருந்தினாள். அங்கேதான் சிக்கல்.

பொதுத்தேர்வுக்கு முந்திய பள்ளித் தேர்வில் விடைகளை மட்டும் வரிசையாக எழுதிவிட்டு, வழிமுறைகளைத் தனியாக ஒரு கூடுதல் தாளில் எழுதி நூலால் கட்டியிருந்தாள். நான் ஒரு பக்கம் முழுக்க நடத்தும் வடிவியல் கணக்கு அதில் நான்கே வரியில் முடிந்திருந்தது. எங்காவது இடறியிருப்பாள் என்று தேடினேன். ஆசிரியர் அறையில் எல்லோரும் கிளம்பிப் போன பிறகும் தேடினேன். இடறவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போக இத்தனை வருடமாகப் பிள்ளைகளை ஊரைச் சுற்றி அழைத்துப் போயிருக்கிறேன்.

நூலை அவிழ்த்து, அந்தத் தாளை மட்டும் என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பார்த்து எழுதியிருக்கிறாள் என்று நான் புகார் கொடுக்க, மறுநாள் தலைமை ஆசிரியை அவளையும் தாயையும் அழைத்தார்.

"ஒரு வரிகூட வழிமுறை இல்லாம எல்லா விடையும் எப்படிம்மா சரியா வரும்? யாரைப் பாத்து எழுதின?"

"தனித் தாள்ல எழுதிக் கட்டிக் குடுத்தேன் மிஸ். சார்கிட்டயே கேளுங்க."

"நீ தாள் குடுத்திருந்தா அதை நான் திங்கவா போறேன்?" என்றேன். தலைமை ஆசிரியை சிரித்தார்.

தாய் என் முகத்தைப் பார்த்தாள். படித்தவன் பொய் சொல்வான் என்று அவளைப் போன்றவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

"சார் எதுக்குடி பொய் சொல்லப் போறாரு?" என்று மகளை அங்கேயே அறைந்தாள். அடி வாங்கும்போதும் அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரியாதை தெரியாதவள்.

பொதுத்தேர்வு எழுத அவளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. பள்ளிக்கும் வரவில்லை. தாயின் கடையில் பொத்தான் தைக்கிறாள் என்று கேள்வி. அதற்கு வழிமுறை எழுத வேண்டியதில்லை.

தாளை அடுப்பில் போட்டேன். போடுமுன் மனப்பாடம் செய்துகொண்டேன். இப்போது எல்லா வகுப்பிலும் அந்த நான்கு வரியைத்தான் நடத்துகிறேன். பிள்ளைகள் அதற்கு என் பெயரை வைத்திருக்கிறார்கள், நானும் தடுக்கவில்லை. நான் மதிப்பெண்ணை வெட்டியிராவிட்டால் அவள் அதை எழுதியே இருக்கமாட்டாள். நியாயமாகப் பார்த்தால், அது என்னுடையதுதான்.