ஞாயிற்றுக்கிழமை ரீஸ்டார்ட்

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போய், கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன், ஐயா. ஐந்து வருடத்தில் அதுதான் முதல் முறை.

மற்ற ஞாயிறுகளில் பள்ளிபாளையம் சாயப்பட்டறைக்குப் போவேன். கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு சேர்ந்தால் சங்கு ஊதவைக்கும் கம்ப்யூட்டர் அங்கே என் பொறுப்பு. பழைய விண்டோஸ். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வாயுவை அளக்க, அந்த புரோகிராம் ஒரு த்ரெட்டை, அதாவது உள்ளுக்குள் ஒரு தனி வேலையை, திறக்கும். அளந்து முடித்தும் மூடாது. வேலை முடிந்த ஆளை வீட்டுக்கு அனுப்பாமல் உள்ளேயே உட்கார வைப்பது மாதிரி. இரண்டாயிரத்துச் சொச்சத்தோடு கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துவிடும். ஒரு வாரத்துக்கே இரண்டாயிரத்துப் பதினாறு ஆகிவிடும். அதற்குமேல் அளக்காது, சங்கும் ஊதாது. கடைசி எண் மட்டும் திரையில் அப்படியே நிற்கும். ஞாயிறுதோறும் ரீஸ்டார்ட் செய்தால் போதும். இது எனக்கு மட்டுந்தான் தெரியும். யாரும் கேட்டதில்லை.

சனிக்கிழமை முதலாளி பாலசுந்தரம் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “மிக்கேலு ஊட்ல இருக்க முடியாம ஞாயித்துக்கிழமை வந்து ஒரு பட்டன அமுத்திட்டுப் போறாரு. இதுக்குப் பேரு வேலைங்களாமா?” எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வலித்தது. அமுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரே ஒரு தடவை அவர் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

திங்கட்கிழமை தொட்டி கழுவும் நாள். பதினோரு வருடமாக அதில் இறங்குகிற சின்னராஜ், எப்போதும் போல் என் அறை வாசலில் நின்று கேட்டான்.

“மிக்கேலண்ணா, என்னங்க காட்டுது? எறங்கட்டுங்களா?”

திரையைப் பார்த்தேன். கடைசியாக அளந்த நேரம் ஞாயிறு மதியம் ஒரு மணி என்று இருந்தது.

“ஜீரோதான் காட்டுது. எறங்கு சாமி.”

சற்று நேரத்தில் வெளியே கூச்சல் கேட்டது. உள்ளே விழுந்துவிட்ட சின்னராஜைத் தூக்க, கூட வேலை பார்க்கும் அறிவழகன் இறங்கத் தயாராகிக்கொண்டிருந்தான். அப்போது ரீஸ்டார்ட் செய்திருந்தால் இரண்டு நிமிடத்தில் சங்கு ஊதியிருக்கும், அவன் இறங்கியிருக்க மாட்டான். முதலாளி வரட்டும் என்று காத்திருந்தேன். இரண்டு பேரும் உயிரோடு மேலே வரவில்லை.

“ஏனுங்க மிக்கேலு, சங்கு ஏனுங்க ஊதல?” என்று முதலாளி வந்து என்னிடம்தான் கேட்டார். அத்தனை பேர் முன்னாலும் பொறுமையாக விளக்கினேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

வருத்தம் இருக்கிறது, ஐயா. ஆனால் சின்னராஜிடம் நான் பொய் சொல்லவில்லை. திரையில் ஜீரோதான் இருந்தது. வாக்குமூலத்தில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.