ஒரு பக்கம் ஒரே எழுத்து

யுத்த காலத்தில் ஒரு மாலை, அம்பத்தூரிலிருந்து ஆவடிக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே ஓர் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். புகுந்த வீட்டுக்குத் திரும்பும் அக்காவின் மடியில் பலகாரக் கூடை. பள்ளிக்கூடத்துப் பெண்ணான தங்கையின் மடியில் சிலேட்டு.

"இதுல இவரை மட்டும் எப்டி தனியா கூட்டிகினு வர்றது?" என்றாள் அக்கா.

அப்போதுதான் நான் காது கொடுத்தேன். சிலேட்டில் ஓர் அல்ஜீப்ராக் கணக்கு: வீட்டில் ஆளுக்கு ஓர் எழுத்து, நடுவே கூட்டல் குறிகள். இந்தக் கோடியில் அக்கா, பிறகு மாமியார், மாமனார், நாத்தனார், அந்தக் கோடியில் அவள் புருஷன். எல்லாரும் சேர்ந்தால், சமக்குறிக்கு மறுபக்கம், வீடு. புருஷனின் எழுத்தை அவள் வாயால் சொல்லவில்லை, விரலால் தொட்டுக் காட்டினாள்.

"மத்தவங்கள சமக்குறிக்கு அந்தாண்ட தள்ளணும்க்கா. தாண்டினா கூட்டலு கழித்தலாயிடும்."

"தள்ளு. கண்ணாலம் ஆனதுலேந்து அவரோட தனியா ரெண்டு வார்த்த பேசல."

தங்கை ஒவ்வொருவராக அழித்து மறுபக்கம் எழுதினாள். கடைசியில் அக்காவையும்.

"என்னை ஏன்டி தள்றே?"

"ஒரு பக்கம் ஒரே எழுத்துதான் நிக்கணும். அவரு மட்டும் வேணும்னா நீயும் அந்தாண்ட போவணும்க்கா."

அக்கா முந்தானையால் சிலேட்டைத் துடைத்தாள்.

"முன்ன மாதிரியே எல்லாரையும் ஒண்ணா எழுது. கூட்டலுல யாரை எங்க எழுதினாலும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்."

"அப்ப என்னை அவரு பக்கத்துல எழுது."