அமெரிக்கக் கல்லூரியின் ஹோர்சன்ஸ் ரசிகர்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரிலிருந்து காலை ரயில் புறப்பட்டதும், முன் இருக்கையில் இருந்த இரு தமிழர்களில் மூத்தவர் சலித்துக்கொண்டார்: "நான் பேரைப் பாடமாக்கி முடிக்கேக்குள்ள பெடியன் வேற கல்லூரிக்குப் போயிடுறான்."

"ஆரண்ணை?"

"மகள் அமெரிக்காவில படிச்ச கல்லூரியின்ர பாஸ்கெட்போல் டீம். நல்லா விளையாடுறவன் ஒருத்தனும் அடுத்த வருசம் நிக்கிறானில்லை. அவங்கட ஃபுட்போல் டீமைப் பற்றிக் கேக்காதை. கோச்சை மாத்துறாங்கள், மாத்துறாங்கள், தோல்வி மட்டும் மாறுதில்லை."

"மகள்தான் படிச்சு முடிச்சிட்டாவே. பிறகேன் பாக்கிறியள்?"

"ஞாயிற்றுக்கிழமை அங்கயிருந்து போன் எடுப்பாள். சுகமோ எண்டு கேட்டால் 'ஓம்' எண்டுவாள். வேலை பரவாயில்லையோ எண்டாலும் 'ஓம்'. அதோட கதை முடிஞ்சுது. மாட்சைப் பற்றித் தொடங்கினால்தான் வாய் திறப்பாள்."

"வெண்டால் சந்தோசமாக் கதைப்பா, என்ன?"

"வெண்டால் அஞ்சு நிமிசம். தோத்தால் ரெண்டு பேரும் சேர்ந்து அரை மணித்தியாலம் கோச்சைத் திட்டுவம்."

இளையவர் சிரித்தார். "அப்ப தோக்கட்டுமே, அண்ணை."

"அதுக்காக இப்பிடியோ தோக்கிறது!" என்று அவர் போட்ட சத்தத்தில், பெட்டியில் இருந்த டேனிஷ்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.